காக்கை இல்லாத ஊரில் அப்பாவின் இலை

"குருவி எழுத்துக்கு வராதும்மா, எச்சிச் சோத்துக்குத்தான் வரும்."

இதை என்னிடம் சொன்னவர் என் சித்தப்பா. அப்போது நான் பள்ளிக்கூடத்துக் கற்பலகையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் முற்றத்துக் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு சிவப்புக் குருவியைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் வேலிதான். அதன்மேல் முகவாயை ஊன்றிக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் குருவி பறந்துவிட்டது. பறந்து போய் உட்கார்ந்த இடம் அவருடைய மரம்.

அப்பாவின் ஆண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், இங்கிருந்து தொடங்குவது பொருத்தமில்லாததாகத் தோன்றலாம். ஆனால் அந்த வேலியை விட்டுவிட்டு அப்பாவின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. நான் அவருக்கு ஒரே மகள். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. மகன் இல்லாத வீடு என்பதால் கொள்ளி வைக்கும் உரிமை அப்பாவின் தம்பியான அந்தச் சித்தப்பாவுக்குப் போயிற்று. இலை போடும் உரிமையும் அவருக்கே போயிற்று. எழுதும் உரிமை ஒன்றுதான் எனக்கு மிஞ்சியது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அப்பா இந்த மொரீசியசில் குட்லண்ட்ஸ் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்து முகாமில் பிறந்தார். அவருடைய தகப்பனார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர். முகாம் என்றால் கரும்புத் தோகை வேய்ந்த வரிசை வீடுகள், வரிசைக்கு நடுவில் சாக்கடை, சாக்கடைமேல் கொசு. அந்தக் காலத்துக் காய்ச்சல் அப்பாவின் தாயாரைக் கொண்டுபோயிற்று. குப்பையும் புதரும்தான் காய்ச்சலுக்குக் காரணம் என்று ஒரு வைத்தியர் முகாமுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாராம். தாயில்லாப் பிள்ளையான அப்பா அன்று விளக்குமாற்றைக் கையில் எடுத்தார். அதன்பிறகு அவர் இருந்த எந்த இடத்திலும் ஓர் இலை விழுந்த இடத்தில் கிடந்ததில்லை.

பிறகு அவருடைய தகப்பனாரும் போனார். அந்தக் கருமாதியன்று நடந்ததை அப்பா என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார். சித்தப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அன்று அவர் அப்பாவின் இடுப்பில் இருந்த குழந்தை. ஒன்றையும் கண்டிருக்க முடியாது.

இலை போட்டு, சோறு வைத்து, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, கூடியிருந்தவர்கள் வானத்தைப் பார்த்து "கா, கா" என்று கூப்பிட்டார்கள். மொரீசியசில் அப்போது காக்கை இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தகப்பன்மார் கூப்பிட்டார்கள் என்பதால் பிள்ளைகளும் கூப்பிட்டார்கள். வெயில் ஏறியது. சோறு காய்ந்து முத்து முத்தாக உதிர்ந்தது. கடைசியில் சிர்தார் வீட்டுக் கோழி ஒன்று வந்து இலையைக் கிளறியது. சிர்தார் என்றால் கூலிக்காரர்களை மேய்க்கும் மேஸ்திரி. கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம்: "பாருங்கடா, செத்தும் சிர்தார் வீட்டுக்குத்தான் உழைக்கிறான்!"

"எல்லாரும் சிரிச்சாங்க" என்றார் அப்பா. "எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அதான் மறக்க முடியல."

வாழ்க்கையில் தமக்கு என்ன வேண்டும் என்பது அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது. சொந்த முற்றம் ஒன்று. அதில் தம் இலைக்குத் தானாக இறங்கி வரும் பறவை ஒன்று. அது கோழியாக இருக்கக் கூடாது.

அப்பா கரும்பு வெட்டினார், பிறகு கரும்பு வண்டி ஓட்டினார். தம்பியைத் தோளில் போட்டு வளர்த்து, அவருக்குத் தம் கல்யாணத்துக்கு முன்பே பெண் பார்த்து வைத்தார். குடிக்க மாட்டார். பிறர் மாட்டை அடித்தால் பார்த்துக்கொண்டு போக மாட்டார். தோட்ட முதலாளிகள் தங்கள் நிலத்தின் ஓரங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, லாங் மவுண்டன் அடிவாரத்தில் யாரும் வேண்டாம் என்று விட்ட ஒரு கல்லாங்காட்டை அண்ணனும் தம்பியுமாக வாங்கினார்கள். கல்லைப் பொறுக்கிக் குவித்த குவியல்கள் இன்றும் கரும்புக்கு நடுவில் நிற்கின்றன. நிலத்தை இரண்டாகப் பிரித்தபோது எந்தப் பாதி யாருக்கு என்று சண்டை வரவில்லை. சண்டை எல்லாம் பின்னால் குருவிகளால் வந்தது.

சொந்த முற்றம் கிடைத்ததும் அப்பா செய்த முதல் வேலை கொய்யா மரத்தடியில் ஒரு கம்பம் நட்டது. அதன் தலையில் ஒரு பலகை. பூனையும் கீரியும் ஏறாதபடி கம்பத்தைச் சுற்றி எலுமிச்சை முள். கீழே உடைந்த ஆட்டுக்கல்லில் தண்ணீர். விடியும் முன்பே முற்றத்தைப் பெருக்கிவிட்டு, பலகையில் பழைய சோறும் பழுத்த பப்பாளியும் வைத்துவிட்டு, எட்டி நின்று காத்திருப்பார். ஊர்ப் பிள்ளைகள் பலாப்பாலைக் குச்சியில் தடவிக் குருவி பிடிப்பார்கள். அவர்களை மட்டும் அப்பா வண்டிச் சாட்டையோடு துரத்தியிருக்கிறார். மற்றபடி அவர் கோபப்பட்டு நான் கண்டதில்லை.

வந்த பறவைகளுக்கு அவரே பெயர் வைத்தார். இந்தத் தீவின் கிரயோல் மொழியில் மார்த்தென் என்று சொல்லும் மைனாவுக்கு 'சிர்தார்' என்று பெயர். மற்றப் பறவைகள் தத்தும், இது மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டதுபோல் நடந்து வரும். பலகையில் ஏறினால் மற்ற எல்லாவற்றையும் விரட்டும். அதைக் கண்டால் அப்பா விளக்குமாற்றை ஓங்குவார். சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் அளவு இருக்கும் மரவள்ளிக் குருவிக்கு 'ஊசி'. அது கூட்டமாக வந்து மரத்தைத் தைப்பதுபோல் கிளைக்குக் கிளை பாய்ந்து போகும். கரும்பு வெட்டும் காலத்தில் மிளகாய்ப் பழம் போல் மின்னும் குருவிக்குச் 'சிவப்பன்'.

"வா ராசா, சாப்பிடு. ஏன் பயப்படுற? நான்தான்" என்று அவர் ஒரு சிவப்பனிடம் பேசுவதைப் படுக்கையிலிருந்தே கேட்டிருக்கிறேன். என்னிடம் அந்த நாக்கு "படிச்சியா?" என்று மட்டும் கேட்கும். அப்பா என்னை ராசாத்தி என்று அழைத்ததில்லை. எனக்கு அந்தக் குருவிகள்மேல் பொறாமை இருந்தது. இன்றும் இருக்கிறது.

இனி கொண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா இளைஞராக இருந்தபோது, ஒரு பெரிய சூறாவளிக்குப் பிறகு, அதுவரை யாரும் காணாத பறவை ஒன்று மரங்களில் தென்பட ஆரம்பித்தது. கறுப்புத் தலை, அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் கறுப்புக் கொண்டை, கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பொட்டு, வெள்ளைக் கன்னம், வாலடியில் சிவப்பு. யாரோ ஒருவர் இந்தியாவிலிருந்து கூண்டில் கொண்டுவந்ததாகவும், காற்றில் கூண்டு உடைந்ததாகவும் சொல்வார்கள். முகாமில் இந்தியாவில் பிறந்த கிழவர்கள் சிலர் அப்போது உயிரோடிருந்தார்கள். அதைக் கண்டதும் ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "அடே, நம்ம ஊர்க் கொண்டைக்குருவி!" என்று கத்தினாராம். அதிலிருந்து கிரயோல்காரர்களுக்கும் அது 'கொண்டே' ஆயிற்று. நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை, அது ஒரு பிரெஞ்சுப் பிரபுவின் பெயர் என்று சொன்னார். அந்தப் பிரபுவின் தலையில் கொண்டை இருந்ததா என்று கேட்டேன். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். நின்றேன். அது எங்கள் சொல்தான் என்று இன்றும் சொல்கிறேன்.

கப்பலில் வந்து, கூண்டை உடைத்துக்கொண்டு, இந்த மண்ணில் பெருகிய பறவை. அப்பா கோவில் பூசாரியிடம் போய்க் கேட்டே விட்டார்.

"சாமி, காக்கா இல்லாத ஊர்ல கொண்ட வந்து எடுத்தா ஆகுமா?"

பூசாரி யோசித்தார். "காக்கான்னா கறுப்பா இருக்கணுமேப்பா. அது கறுப்பா?"

"தலை கறுப்பு சாமி. கொண்டையும் கறுப்பு. மிச்சத்தைப் பாக்காதீங்க."

பூசாரி சிரித்துவிட்டு, "பசிச்சு வந்து மனசார எடுத்தா எல்லாம் காக்காதான்" என்றார். அப்பா அன்று கோவிலிலிருந்து வீடுவரை வண்டியில் ஏறாமல் மாட்டோடு நடந்தே வந்தாராம். இது அம்மா சொன்னது.

ஆனால் கொண்டை எங்கள் முற்றத்தில் தங்கவில்லை. வரும், பப்பாளியைக் கொத்தும், போய்விடும். போகும் இடம் எப்போதும் ஒன்றுதான். வேலிக்கு அந்தப் பக்கம், ஊரில் மீர் என்று சொல்லும் பெரிய முசுக்கொட்டை மரம்.

சித்தப்பாவின் முற்றத்தை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அதை முற்றம் என்று சொல்வதற்கு ஓர் அன்பு வேண்டும். விழுந்த கிளை விழுந்த இடத்தில் கிடக்கும். கொடி ஏறிய இடத்தில் கொடி இருக்கும். முசுக்கொட்டை மரத்தை நட்டவர் யார் என்று அவருக்கே தெரியாது. குருவிக்கு என்று ஒரு பருக்கை அவர் வைத்ததில்லை. மாறாக, விடிகாலையில் சத்தம் போடுகிறதென்று செருப்பை எறிவார். கொண்டைகள் செருப்புக்கு ஒதுங்கி, மறுபடியும் அதே கிளையில் வந்து உட்கார்ந்து பாடும்.

"அண்ணன் லகூர்ல சாப்பாடு, என் லகூர்ல படுக்கை" என்று, முற்றத்துக்குக் கிரயோல் சொல்லைப் போட்டு, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் சித்தப்பா. "நல்ல மாப்பிள்ளைங்க!"

அப்பாவுக்கு அது சிரிப்பாக இல்லை. தம்பியை அவர் வளர்த்தார். குருவியையும் அவர் வளர்த்தார். இரண்டும் வேலிக்கு அந்தப் பக்கம் போயின. மாலையில் வண்டியை அவிழ்த்துவிட்டு வேலியோரம் போய் நிற்பார். பள்ளியில் நான் முதலாவதாக வந்த செய்தியைச் சொல்ல ஓடி வந்த ஒரு நாள்கூட அங்கேதான் நின்றார். "சத்தம் போடாத, கூடு கட்டுது" என்றார். நானும் பார்த்தேன். முசுக்கொட்டைக் கிளையின் கவட்டில் ஒரு கொண்டை நாரைச் சுற்றிச் சுற்றி மிதித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மரத்தின் மேல் வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் அச்சகத்தார் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் படிக்கப் போனது அப்பாவின் பிடிவாதத்தால். பெண்ணுக்கு எதற்கு என்று கேட்டவர்கள் பலர். அவர்களில் சிலர் இந்த மலரையும் கையில் வைத்திருக்கிறார்கள். வேறு யாராவது அவர்களுக்குப் படித்துச் சொல்லட்டும். எங்கள் பள்ளிச் சுவரில் பறவைகளின் வண்ணப் படம் ஒன்று தொங்கியது. அதில் மார்பு சிவந்த குருவி ஒன்றும் இருந்தது. நம் சிவப்பன் அதில் இருக்கிறதா என்று பார்த்து வரும்படி அப்பா சொன்னார். பார்த்துவிட்டு வந்து, இல்லை என்றேன். அதில் மார்பு மட்டும் சிவப்பு, நம்முடையதற்குத் தலையும் முதுகும் சிவப்பு.

"ஏன் இல்ல?"

"அது ஐரோப்பாப் படம் அப்பா."

"நம்ம முத்தத்துக்கு வர்றத நீ எழுது" என்றார்.

அன்றுதான் நான் கற்பலகையோடு கொய்யா மரத்தடியில் உட்கார்ந்தது. சித்தப்பா சிரித்ததும் அன்றுதான்.

சிவப்பன்கள் வெயில் காலம் முழுவதும் இருக்கும். குளிர் தொடங்கியதும் காணாமல் போகும். அப்பாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சித்தப்பா அதற்கு நெய் ஊற்றினார். "உங்கிட்ட இல்லன்னா எங்கிட்டதான் இருக்கும்ணே. எங்க போவும்? நம்ம மரம் பெருசுல்ல?" அப்பா அதை நம்பினார். குளிர் மாதங்களில் பலகைக்கு வந்த பழுப்புக் குருவிகளை, "எங்கேருந்தோ வந்த சோத்துக் கூட்டம்" என்று மதிக்காமலே இருந்தார்.

நான் அந்தப் பழுப்புக் குருவிகளை விடாமல் பார்த்தேன். அலகின் தடிப்பு சிவப்பனுடையது. பலகையில் இறங்கும்போது தலையைச் சாய்த்து முதலில் பூனை இருக்கிறதா என்று பார்க்கும் சாயலும் அதனுடையதே. கரும்பு வெட்டு தொடங்கிய பிறகு ஒருநாள், அதில் ஒன்றின் தொண்டையில் ஒரே ஒரு சிவப்பு இறகைக் கண்டேன். மறுவாரம் தலையில் திட்டுத் திட்டாக, சாயம் சரியாக ஏறாத துணி போல். பிறகு ஒரு காலையில் முழுச் சிவப்பாக அதே பலகையில், அதே இடத்தில் நின்றது. நான் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். நேராக வேலிக்குப் போனார்.

"டேய்! வெளிய வா!"

சித்தப்பா பல்குச்சியோடு வந்தார். "என்னண்ணே, வீடு பத்திக்கிச்சா?"

"சிவப்பன் உங்கிட்ட வரலடா. வருஷம் பூரா இங்கேயேதான் இருந்திருக்கு. சட்டைய மாத்திக்கிட்டு இருந்திருக்கு. கிழிஞ்ச சட்டையில வந்தவன நான்தான் அடையாளம் தெரியாம நின்னேன்."

"யாரு சொன்னா?"

"எம்பொண்ணு சொன்னா. எழுத்துப் படிச்சவ சொன்னா."

"ஆயோ! மிஸ் சொல்லிட்டாங்களா? அப்ப சரிதான்." அதிலிருந்து சித்தப்பாவுக்கு நான் 'மிஸ்' ஆனேன்.

அப்பா என்னைப் பாராட்டியதை நான் முதல் முறையாகக் கேட்டது அப்போதுதான். அதுவும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சொன்னார். நல்லது எல்லாம் ஏன் அந்தப் பக்கமே போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடைசி ஆண்டில் அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. வண்டி நின்றது, பெருக்குவது நிற்கவில்லை. பிறகு அதுவும் நின்று, ஜன்னலோரக் கட்டிலில் படுத்தார். பள்ளியில் சிறு வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் உட்காருவேன். அவருக்குக் கண் மங்கியிருந்தது. வெளியே ஒரு சத்தம் கேட்டால், "அது யாரு?" என்பார். நான் சொல்வேன். "ஊசி." "சிவப்பன், இப்ப பழுப்புச் சட்டை." "சிர்தார் அப்பா, விரட்டிட்டு வரேன்."

ஒரு மாலை, துளித் துளியாய்ச் சொட்டுவதுபோல் ஒரு பாட்டு.

"அது யாரு?"

"கொண்டை."

"எந்தப் பக்கம்?"

"நம்ம பக்கம்தான் அப்பா."

கண்ணை மூடியபடியே அப்பா சிரித்தார். "பொய் சொல்லாத. மீர் மரத்துலேருந்து வருது." பிறகு சொன்னார்: "என் இலைக்குக் கோழி வரக் கூடாது. சிர்தார் வரக் கூடாது. பாத்துக்க."

பாத்துக்க என்று சொன்னது என்னிடம். தம்பியிடம் அல்ல. இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அச்சில் ஏற்றுகிறேன்.

அப்பா மறைந்தார். கருமாதியன்று ஊரே வந்திருந்தது. ஈர வேட்டியோடு சித்தப்பா இலை போட்டார். இலையின் நுனி எந்தப் பக்கம் என்று பூசாரியிடம் கேட்டுக்கொண்டார். நான் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் என் இடம் பெண்களோடு சமையல் கொட்டகையில். சோற்றை வைத்து, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு எல்லாரும் விலகி நின்றார்கள். வழக்கப்படி சிலர் "கா, கா" என்றார்கள். "போர்ட் லூயி துறைமுகத்துல இப்ப காக்கா இருக்காம், வரட்டும்" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

வந்தது சிர்தார். ஒன்று கூரையில் இறங்கியது, பிறகு இன்னொன்று. கையைப் பின்னால் கட்டிக்கொண்ட அந்த நடையோடு ஒன்று இலையை நோக்கி வந்தது. யாரும் அசையவில்லை. அவர்களுக்கு அது ஒரு பறவை, அவ்வளவுதான். எனக்கு மட்டும்தான் தெரியும். இல்லை, சித்தப்பாவுக்கும் தெரியும். ஆனால் இலை போட்டவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கொட்டகைச் சுவரில் அப்பாவின் விளக்குமாறு சாய்ந்திருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அம்மாடி! வெளக்குமாத்தோட இலைகிட்ட வராத!" என்று பூசாரி அலறினார். அதற்குள் சிர்தார்கள் கூரைக்கு மேலே பறந்துவிட்டன. நான் விளக்குமாற்றை ஓங்கியபடி நின்றேன். மறுபடி ஒன்று வட்டமிட்டது, மறுபடி ஓங்கினேன். அம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

சித்தப்பா மெல்லச் சொன்னார்: "மிஸ். போதும். நீ நிக்கிற வரைக்கும் அண்ணன் வர மாட்டாரு. உள்ள போம்மா."

அந்த மனிதர் என்னிடம் சிரிக்காமல் பேசியது அந்த ஒரு முறைதான். நான் கொட்டகைக்குத் திரும்பி, ஓலை இடுக்கில் கண்ணை வைத்தேன்.

முசுக்கொட்டை மரத்திலிருந்து ஒரு கொண்டை இறங்கி வேலியில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்தது. கம்பத்துப் பலகையில் ஒன்றுமில்லை என்று கண்டதோ என்னவோ, தரைக்கு இறங்கி, இலையோரத்தில் தத்தி, ஒரு வாய் சோறு எடுத்தது. இன்னொரு வாய் எடுத்தது. பிறகு பறந்தது. சோற்றை அலகில் வைத்துக்கொண்டு வேலியைத் தாண்டி அதே முசுக்கொட்டை மரத்துக்கே போயிற்று. அங்கே அதன் குஞ்சுகள் வாயைத் திறந்து கத்துவது இந்தப் பக்கம்வரை கேட்டது.

ஈர வேட்டியோடு நின்ற சித்தப்பாவின் முகத்தில் கண்ணீர் வழிந்தது. ஆனாலும் அவர் அவராகத்தான் இருந்தார். "அண்ணன் சாப்பிட்டாரு" என்று உரக்கச் சொன்னார். "சாப்பிட்டுட்டு என் வீட்டுக்கு வந்துட்டாரு!"

ஊர் அழுதுகொண்டே சிரித்தது. இந்தச் சிரிப்பை அப்பா கேட்டிருந்தால் வருந்தியிருக்க மாட்டார். கோழி இல்லை, சிர்தார் இல்லை. கேட்டது கேட்டபடி நடந்தது. ஆனால் நான் சிரிக்கவில்லை. என் அப்பா என் முற்றத்தில் உண்டுவிட்டு, இரவு தங்க அடுத்த முற்றத்துக்குப் போகிறார். பெற்ற மகள் இங்கே இருக்கிறேன். அவரோ செருப்பை எறிந்தவர் வீட்டில் குடியிருக்கிறார். பொறாமை என்பது இறந்தவர் விஷயத்தில் வரக் கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த வீட்டில் சித்தப்பா இல்லை போலும்.

அடுத்த சில மாதங்கள் அந்த மரத்தைப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுகொண்டேன். அப்பா சோறு வைத்தார், தண்ணீர் வைத்தார், முள் கட்டினார், குறை ஒன்றுமில்லை. ஆனால் முகாமில் தாயைக் கொன்ற காய்ச்சலுக்குப் பயந்து, ஒரு புதரை அவர் வளரவிட்டதில்லை. கொய்யாவைக்கூடக் குடைபோலக் கழித்துவைத்திருந்தார். ஒளிய இடமில்லாத முற்றத்தில் எந்தப் பறவை குஞ்சு பொரிக்கும்? கூடு கட்ட உதிர்ந்த நாரும், காய்ந்த இலையும், அடர்ந்த கவடும் வேண்டும். அவை எல்லாம் சோம்பலால் சித்தப்பாவிடம் சேர்ந்திருந்தன. ஒருவருடைய சுத்தத்தையும் இன்னொருவருடைய சோம்பலையும் குருவி தன் கணக்கில் வேறு மாதிரி எடைபோட்டிருக்கிறது.

இதைக் கண்டுகொண்டபின் வேலிக்குப் போய் நின்றேன். கேட்பது எனக்கு எளிதாக இல்லை.

"சித்தப்பா, மீர் மரத்துல ஒரு கிளை வேணும்."

"எதுக்கு மிஸ்? பிள்ளைங்கள அடிக்கவா?"

"நட."

அவர் என்னையும் எங்கள் பெருக்கிய முற்றத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துவிட்டது. "ஓ! அண்ணன இழுத்துக்கப் பாக்குறியா?" என்று ஒரு சிரிப்பு. பிறகு உள்ளே போய்க் கத்தியோடு வந்து, நல்ல முற்றிய கிளைகளாகப் பார்த்து வெட்டி, வேலிக்கு மேலே நீட்டினார். "கூடு இருந்த கொம்புலேருந்தே வெட்டியிருக்கேன். குஞ்சுங்க பறந்துடுச்சு, கவலைப்படாத. வந்தா நல்லா பாத்துக்க. ராத்திரியில இருமுவாரு."

நான் திரும்பிக்கொண்டேன். முகத்தை அவருக்குக் காட்ட விரும்பவில்லை.

இனி நன்றி. அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தம் வண்டியில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், கருமாதிக்குக் காய்கறியும் வாழையிலையும் தந்த லாங் மவுண்டன் தோட்டக்காரர்களுக்கும், பஜனைக் குழுவினருக்கும், போ பசானிலிருந்து நடந்தும் வண்டியிலுமாக வந்து எங்களோடு இரவு தங்கிய அம்மாவின் வீட்டாருக்கும், கொண்டையைக் காக்கையாக ஏற்றுக்கொண்ட பூசாரியாருக்கும் எங்கள் கைகள் குவிகின்றன. பலாப்பாலைக் கொட்டிவிட்ட ஊர்ப் பிள்ளைகளுக்கும்தான்.

சித்தப்பாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவர் மகன் போல் எல்லாம் செய்தார். அவருக்கும் சின்னம்மாவுக்கும் அப்பாவின் நினைவாக எதையாவது கொடுக்க எண்ணி, நிறைய யோசித்தேன். அப்பா தம் கையால் தென்னை ஈர்க்கில் கட்டிய விளக்குமாறுகளில் புதியது ஒன்று கொட்டகையில் இருந்தது. அதைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டேன். "செத்தவரு வெளக்குமாத்த யாராச்சும் குடுப்பாங்களாடி?" என்று அம்மா தடுத்துப் பார்த்தாள். சின்னம்மாவோ கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். மூத்தார் கையால் கட்டியது, வீணாகக் கிடக்கக் கூடாது, தினமும் பெருக்குவேன் என்றார்.

இதை அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பும் இன்று காலையில், வேலிக்கு அந்தப் பக்கம் பெருக்கும் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் முசுக்கொட்டைச் செடி இடுப்பளவு வந்திருக்கிறது. அதனடியில் விழுந்த இலைகளை நான் பெருக்கவில்லை.